அசையாமல் எழுதுகிறவர்களுக்கு விளக்கு

ஜூன் 9

அன்புள்ள நாத்தனாருக்கு,

'அன்புள்ள' என்று கை தானாக எழுதிவிட்டது. அடிக்க மனம் வரவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

நாம் பேசி எட்டு மாதம் ஆகிறது. நான் கல்லூரிக்குப் போயிருந்த நேரம் பார்த்து என் சமையலறைக்குள் புகுந்து, அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த ஃப்ரிட்ஜைக் கதவு மூலைக்குத் தள்ளி, வீட்டு விளக்குகளையெல்லாம் மாற்றிப் போட்டு, "அண்ணி, இனிமே கரண்ட் பில்லைப் பார்த்தா நீங்களே அசந்துடுவீங்க" என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டாய். மறுநாளே நான் ஃப்ரிட்ஜைப் பழைய இடத்துக்கு இழுத்துவந்துவிட்டேன். அதை உன்னிடம் போட்டுக் கொடுத்தது உன் அண்ணன்தான் என்பதும் தெரியும். அவர் வாயில் எது தங்கும்? அதற்குப் பிறகு நீ போனில் கேட்டதும் நான் சொன்னதும் இங்கே வேண்டாம்.

கடிதம் எழுதச் சொன்னதும் அவர்தான். "போன்ல பேசினா ரெண்டாவது நிமிஷம் சண்டை. நடுவுல நான் மாட்டிக்கிறேன். எழுதுங்க. ஒருத்தர் முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் வாயைத் திறக்க முடியாதுல்ல" என்றார்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் பொறுப்பு பார்க்கிற மாலைக் கல்லூரியை மூடப் பார்க்கிறார்கள்.

நேற்று நிர்வாகச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காப்பி வேறு கொடுத்தார். காப்பி கொடுத்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. "மேடம், பகல்ல அந்தப் பழைய கட்டடத்துல சூரியன் சும்மாவே வேலை செய்யுது. ஆறு மணிக்கு மேல உங்களுக்காகத்தான் மொத்தக் கட்டடமும் எரியுது. இவ்வளவு கரண்டுக்கு நாங்க எங்க போறது?" என்றார். அடுத்த ஏப்ரல் முடிவதற்குள் அந்தக் கட்டடத்தின் மின்செலவு மூன்றில் ஒரு பங்கு குறைய வேண்டுமாம். இல்லையென்றால் புதிதாக யாரையும் சேர்க்க மாட்டார்கள். இருப்பவர்கள் முடித்துப் போனதும் இழுத்து மூடிவிடுவார்கள்.

அவர் சொல்வதில் பொய் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். மொட்டை மாடி பகலெல்லாம் குடித்த வெயிலை ஆறு மணிக்குத்தான் எங்கள் தலையில் கொட்டுகிறது. மின்விசிறி கடகடவென்று சுற்றுகிறது, காற்று வருவதில்லை. நாளெல்லாம் துணிக்கடையில் நின்றவள், வண்டி ஓட்டியவன், காலை ஷிப்டு முடித்து ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வருகிற நர்ஸ், எல்லாரும் அந்தச் சூட்டில்தான் உட்கார்ந்து படிக்கிறார்கள். பகலில் படிக்க வழியிருந்தால் இவர்கள் ஏன் இங்கே வரப்போகிறார்கள்? இதை மூடினால் இவர்களுக்கு வேறு இடம் கிடையாது.

பழைய கட்டடங்களைத் திருத்துவதுதானே உன் தொழில். அதனால் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
அண்ணி

ஜூன் 20

அண்ணிக்கு,

கடிதம் வந்தது. ஃப்ரிட்ஜுக்குக் கொடுத்த இடத்தைப் பார்த்தால் அதுதான் முதல் விஷயம், கல்லூரி கொசுறு என்று தோன்றியது. அடுப்புக்குப் பக்கத்தில் ஃப்ரிட்ஜை வைப்பது, ஜுரக்காரனுக்குக் கம்பளியைப் போர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து விசிறுவது மாதிரி. இதோடு நிறுத்திக்கொள்கிறேன். அண்ணன் சிரிப்பார்.

கட்டடத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். கூலி வேண்டாம். 'டிப்ளமோ போதும், வேலைக்குப் போ' என்று அப்பா சொன்ன வருடம், கல்யாணமாகி வந்து ஆறு மாதம்கூட ஆகாத நீங்கள்தான் அவருக்குத் தெரியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டுபோய் அந்த மாலைக் கல்லூரியில் கணிதத்தில் சேர்த்துவிட்டீர்கள். மாடி ஏழாம் அறையில், மேற்கு ஜன்னலோரம் உட்கார்ந்து வெந்தவள் நான். அந்த அறையை மூட விடமாட்டேன்.

ஆனால் நான் இங்கே ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் சிக்கிக்கொண்டிருக்கிறேன். ஜூலையில் ஒரு வாரம் வர முடியும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் வருவதற்குள் கட்டடத்தின் வரைபடம் வேண்டும். எங்கே என்று கேட்டால் 'தொலைந்துவிட்டது' என்பார்கள், விடாதீர்கள். ஒவ்வோர் அறையிலும் மாலை ஆறு மணிக்குத் தெர்மாமீட்டர் வைத்துச் சூட்டைக் குறித்து வையுங்கள். 'வெந்து சாகிறோம்' என்பது அளவாகாது.

பொடிசு
(அண்ணன் இன்னும் அப்படித்தானே கூப்பிடுகிறார்?)

ஆகஸ்ட் 17

பொடிசுக்கு,

ஆமாம், அப்படித்தான் கூப்பிடுகிறார். நாற்பதைத் தாண்டியவளைப் பொடிசு என்கிறாரே என்று எனக்குத்தான் வெட்கமாக இருக்கிறது.

நீ போனபிறகு நடந்ததைச் சொல்கிறேன். மொட்டை மாடி முழுக்க வெள்ளை ஓடு பதித்தாகிவிட்டது. மத்தியானத்தில் ஏறினால் கண் கூசுகிறது, ஆனால் வெறுங்காலோடு நிற்க முடிகிறது. மேற்கு ஜன்னல்களுக்கு வெளியே மரச் சட்டங்கள் போட்டாயிற்று. மேல்மாடியில் இருந்த பொய்க்கூரையைப் பிரித்தபோது நீ சொன்ன மாதிரியே சுவர் உச்சியில் வரிசையாகக் காற்றுப் போக்கிகள் இருந்தன. எந்தப் புண்ணியவானோ அத்தனையையும் பலகை வைத்து ஆணியடித்து அடைத்திருக்கிறான். பிரிக்கப் பிரிக்கப் புறாக்கூடு, சாக்பீஸ் பெட்டி, கடைசியில் ஒரு குடை. வேடிக்கை பார்க்க வந்த செயலாளர் குடையைக் கையில் எடுத்து, "இது யாருதுன்னு விசாரிங்க" என்றார். கட்டிய காலத்துக் குடை, யாரைப் போய் விசாரிக்கிறது?

நேற்று மாலை ஏழாம் அறையில் வணிகவியல் எடுத்தேன். கூரைக்குக் கீழே காற்று நகர்வது தெரிந்தது. துணிக்கடைப் பெண் வழக்கமாக ஒரு கையால் எழுதி மறுகையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பாள். நேற்று கைக்குட்டை பையைவிட்டு வெளியே வரவே இல்லை. உன்னை மனசார வாழ்த்தினேன்.

ஒன்று மட்டும் கேட்க நினைத்தேன். வகுப்பறைகளில் சுவிட்சையெல்லாம் பிடுங்கிவிட்டாய். கரும்பலகைக்கு மேலே சென்சார் வைத்து, 'ஆள் நடமாட்டம் தெரிந்தால் விளக்கும் மின்விசிறியும் ஓடும், பத்து நிமிடம் தெரியாவிட்டால் நின்றுவிடும்' என்றாய். சுவிட்ச் இருந்த இடத்தில் இப்போது வெள்ளை மூடி. பொருளாதாரப் பேராசிரியர் பழக்க தோஷத்தில் உள்ளே வந்ததும் அந்த மூடியை நாலு தட்டு தட்டுகிறார். "இதென்ன மேடம், நம்ம மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டார். நான் என்னத்தைச் சொல்ல? என்னிடமும் நீ கேட்டுவிட்டுப் பிடுங்கவில்லையே.

அண்ணி

அக்டோபர் 5

அண்ணிக்கு,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் போன வருடம் எரிந்ததில் பாதிக்குக் கொஞ்சம்தான் மேலே! இதே போக்கில் போனால் செயலாளர் ஏப்ரலில் உங்களுக்கு இன்னொரு காப்பி கொடுக்க வேண்டியிருக்கும்.

பேராசிரியரிடம் சொல்லுங்கள்: நம்பிக்கை இல்லைதான். மனுஷனுக்கு மறதி உண்டு, சென்சாருக்குக் கிடையாது. சுவிட்ச் இருந்தால்தானே அணைக்காமல் போவார்? அது என்ன பெரிய சொத்தா, பிடுங்கியதற்கு இப்படிக் குறைப்பட்டுக்கொள்ள?

கட்டட மீட்டர் மணிக்கு மணி எனக்குக் கணக்கு அனுப்புகிறது. தினமும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன் அதைத்தான் பார்க்கிறேன். இங்கே ஆஸ்பத்திரி வேலையில் தினமும் யாரிடமாவது திட்டு வாங்குகிறேன். அந்தக் கோடு கீழே போவதைப் பார்க்கும்போது மட்டும் வயிறு நிறைகிறது.

பொடிசு

டிசம்பர் 12

அண்ணிக்கு,

என்ன நடக்கிறது அங்கே? நவம்பர் நடுவிலிருந்து கோடு ஏறுகிறது. கொஞ்சமா நஞ்சமா, கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே போய்விட்டது. மாடியில் ஓடு பெயர்ந்துவிட்டதா? காற்றுப் போக்கிகளை மறுபடி யாராவது அடைத்துவிட்டார்களா? உடனே எழுதுங்கள்.

பொடிசு

டிசம்பர் 20

பொடிசுக்கு,

ஓடெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. இங்கே வானம் மூட்டமாக இருப்பதால் சீக்கிரம் இருட்டிவிடுகிறது. அதனாலும் இருக்கலாம். தேர்வு வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, பிறகு விவரமாக எழுதுகிறேன். உன் அண்ணனுக்குச் சளி. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

ஜனவரி 6

அண்ணி,

மூட்டமாம், மூட்டம்! ஆள் இல்லாத நேரத்தில் ஏறுகிறது. கடைசி வகுப்பு முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போனபிறகும் காலைவரை மீட்டர் ஒரே சீராக ஓடுகிறது. காலி அறைகளில் விளக்கு எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது. பேய் வந்து படிக்கிறதா?

சென்சார் ஒன்று கெடலாம், இரண்டு கெடலாம். ஒரே மாதத்தில் எல்லாம் கெடுமா? யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள். உங்கள் செயலாளரின் ஆட்களைத் தவிர வேறு யாருக்கு இதில் லாபம்? இலக்கு தவறினால் மூடுவது அவருக்குச் சுலபம். நீங்கள் அவரைக் கேட்கப் பயப்படுகிறீர்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை. நிர்வாகக் குழுத் தலைவருக்கு நேற்றே எழுதிவிட்டேன், கல்லூரி ஆட்கள் யாரோ திட்டம் போட்டு இந்த வேலையைக் கெடுக்கிறார்கள், விசாரியுங்கள் என்று. மீட்டர் கணக்கையும் வைத்து அனுப்பியிருக்கிறேன்.

பொடிசு

ஜனவரி 18

அடி பாவி!

என்னைக் கேட்காமல் ஏன் எழுதினாய்? கெடுத்தது செயலாளர் இல்லை. நான்தான். நானேதான்.

முழுக்கக் கேள். நவம்பரில் பருவத் தேர்வு. பகல் கல்லூரிக்காரர்கள் தேர்வெழுதப் புதுக் கட்டடம் இருக்கிறது. எங்களுக்கு இந்தப் பழைய வகுப்பறைகள்தான். ஏழாம் அறையில் பொருளாதாரப் பேராசிரியர் மேற்பார்வை. அவர் நாற்காலியில் உட்கார்ந்தால் மணி அடித்தால்தான் எழுந்திருப்பார். உன் சென்சார் கரும்பலகைக்கு மேலே இருந்துகொண்டு ஆசிரியரின் நடமாட்டத்தைப் பார்க்கிறது. ஆசிரியர் நடக்கவில்லை. பிள்ளைகள் தலையைக் குனிந்து எழுதுகிறார்கள், விரல் மட்டும்தான் அசைகிறது. பத்து நிமிடம் ஆனதும் குப்பென்று இருட்டு. மின்விசிறியும் நின்றுவிட்டது.

முதல் தடவை சிரித்தார்கள். எல்லாரும் கையைத் தூக்கி ஆட்டினார்கள், விளக்கு வந்தது. இரண்டாவது தடவை யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவது தடவை வண்டி ஓட்டுகிற பையன் எழுந்து, "சார், நாங்க பரீட்சை எழுதறதா, டான்ஸ் ஆடறதா?" என்று கேட்டுவிட்டான். பேராசிரியர் அவனை வெளியே அனுப்பப் பார்த்தார். நான் ஓடிப்போய்ச் சமாதானம் செய்தேன்.

அந்த நர்ஸ் மட்டும் கையை ஆட்டவே இல்லை. அவளுக்கு அன்றைக்கு இரட்டை ஷிப்டு. தூக்கம் வருவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று, இருட்டிலேயே எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுடைய விடைத்தாளை நான்தான் திருத்தினேன். நடுவில் ஒரு பக்கம், வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. அவளுக்குத் தெரிந்த விடைதான், ஒரு வார்த்தையும் படிக்க முடியவில்லை. அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன்.

மறுநாளே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, சென்சாரைத் தாண்டி நேராக ஒரு ஒயர் இழுக்கச் சொன்னேன். "மேடம், சுவிட்ச் இல்லையே, அப்புறம் அணைக்கிறது எப்படி?" என்று அவர் கேட்கத்தான் கேட்டார். "தேர்வு முடியட்டும், பார்த்துக்கலாம்" என்றேன். மெயினை அணைக்கலாம் என்றால் அதில்தான் விலங்கியல் கூடத்தின் குளிர்பெட்டியும் ஓடுகிறது. தேர்வு முடிந்தது. மற்ற ஆசிரியர்களும் 'எங்கள் அறைக்கும் அப்படியே போடுங்கள்' என்று வந்து நின்றார்கள். போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து எரிகிறது.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ கொண்டாடிக்கொண்டு எழுதிய அக்டோபர் கடிதம் மேசையில் இருந்தது. 'சென்சாருக்கு மறதி கிடையாது' என்று எழுதியவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் மறுபடி சண்டை, மறுபடி எட்டு மாதம். அதற்குப் பயந்தேன்.

ஃப்ரிட்ஜும் இதே கதைதான். நீ வைத்த இடத்தில் அதைத் திறந்தால் பின்கதவு திறக்காது. நீ அளந்தபோது கதவு சாத்தியிருந்திருக்கும். என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இப்போது உன் கடிதத்தைச் செயலாளர் குழுவில் படித்துவிட்டார். "உங்க பொறியாளரே எழுதியிருக்காங்க மேடம், உங்க ஆளுங்களே கெடுக்கறாங்கன்னு. ஏப்ரல் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்?" என்கிறார். பிப்ரவரி பத்தாம் தேதி கூட்டம். அன்றைக்கே முடிவு செய்துவிடுவார்கள். எலக்ட்ரீஷியனின் வேலைக்கும் ஆபத்து வந்திருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு நான் போகிறேன். ஒளிக்கப் போவதில்லை.

அண்ணி

ஜனவரி 27

அண்ணி,

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. உங்கள் கடிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டு, பிறகு குனிந்து எடுத்து, நீவிவிட்டு, அந்த நர்ஸைப் பற்றி எழுதியிருந்ததை மட்டும் மறுபடி படித்தேன்.

நானும் அந்த அறையில் தேர்வு எழுதியவள். எப்படி அசையாமல் உட்கார்ந்து எழுதுவோம் என்று எனக்குத் தெரியாதா? வரைபடத்தைப் பார்த்தபோது ஆசிரியரைத்தான் யோசித்தேன், எழுதுகிற பிள்ளையை யோசிக்கவில்லை. சே! இத்தனை வருடம் இதே தொழில்!

சண்டைக்குப் பயந்து மறைத்தேன் என்கிறீர்களே, அதுதான் ஆறவில்லை. சண்டை போட்டிருக்கலாம் அண்ணி. டிசம்பரில் சண்டை போட்டிருந்தால் ஜனவரி மிஞ்சியிருக்கும். நானும் அந்தக் கடிதத்தை அனுப்புவதற்கு முன் உங்களைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. தலைவருக்கு இன்றே மறுகடிதம் எழுதிவிட்டேன். வடிவமைப்பில் பிழை என்னுடையது, கல்லூரி ஆட்கள்மேல் நான் போட்ட பழி தப்பு, எலக்ட்ரீஷியன்மேல் நடவடிக்கை எடுத்தால் அது அநியாயம் என்று.

இனி செய்ய வேண்டியது. சென்சார்கள் வகுப்பறைக்கு வேண்டாம். கழற்றி நடைபாதையிலும் மாடிப்படியிலும் கழிப்பறையிலும் மாட்டலாம், அங்கே யாரும் அசையாமல் உட்காரப் போவதில்லை. வகுப்பறைக்குச் சுவிட்சைத் திருப்பிக் கொடுக்கிறேன். ஒரு வரிசை பெஞ்சுக்கு ஒரு சுவிட்ச், வாசலுக்குப் பக்கத்தில்.

இதெல்லாம் நான் நினைப்பது. இந்தத் தடவை கேட்கிறேன். எந்த அறையில் எத்தனை பேர், எங்கே உட்காருகிறார்கள், ஏன் அங்கே உட்காருகிறார்கள்? சுவிட்ச் எந்த உயரத்தில் இருந்தால் கைக்கு எட்டும்? கடைசியில் யார் வெளியே போவார்கள்? அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். பேராசிரியரையும் கேளுங்கள்.

பத்தாம் தேதி நான் வர முடியாது. இங்கே ஆபரேஷன் அறைக்குக் காற்றுக் குழாய் மாற்றுகிறோம், நான் நகர்ந்தால் வேலை நின்றுவிடும். கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தைரியமாகப் போங்கள்.

பொடிசு

பிப்ரவரி 12

பொடிசுக்கு,

கூட்டம் முடிந்தது. நீ இல்லாமல் போனாயே!

குழு அறையில் கூட்டம் வேண்டாம், பழைய கட்டடத்து ஏழாம் அறைக்கு மாலை ஏழு மணிக்கு வாருங்கள் என்று தலைவர் அம்மாவிடம் கேட்டேன். அவர் சரி என்றார். செயலாளர் முகத்தைச் சுளித்துக்கொண்டே படியேறினார். அன்று காலையிலேயே அந்த அறையில் மட்டும் ஒயரைக் கழற்றி, உன் சென்சாரைப் பழையபடி இயக்கவைத்திருந்தேன்.

எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்ததும் ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். "மாலைக் கல்லூரியை மூடலாமா வேண்டாமா, ஏன்? ஒரு பக்கம் எழுதுங்க. எழுதினதை வெச்சே பேசலாம்" என்றேன். "என்ன மேடம், எங்களுக்கே பரீட்சையா?" என்று ஒருவர் சிரித்தார். தலைவர் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்ததும் மற்றவர்களும் குனிந்தார்கள். நான் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டேன், அசையவே இல்லை. முதுகு அரித்தது, அப்போதும் அசையவில்லை.

குப்பென்று அணைந்தது.

"யாரது லைட்டை அணைச்சது?" செயலாளரின் குரல்.

"நீங்கதான் சார். கையைத் தூக்கி ஆட்டுங்க, வரும்."

நிர்வாகக் குழு முழுக்க இருட்டில் கையைத் தூக்கி ஆட்டியதைப் பார்க்க நீ கொடுத்துவைக்கவில்லை. விளக்கு வந்தது. செயலாளர் தன் கை இன்னும் மேலேயே இருப்பதைப் பார்த்துவிட்டுச் சட்டென்று இறக்கினார். "எழுதுங்க" என்றேன். மறுபடி பத்து நிமிடத்தில் இருட்டு. இந்தத் தடவை தலைவர் அம்மா, "எனக்குப் பாதி வரியில போச்சு" என்றார், கோபமாகவே.

விளக்கு வந்ததும் நர்ஸ் எழுதிய அந்தப் பக்கத்தை அவர் முன்னால் வைத்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு தன் தாளைப் பார்த்தார். அதிலும் கடைசி வரி மேலே ஏறிப் போயிருந்தது.

"இந்த ஒயரைப் போட்டது எலக்ட்ரீஷியன்தானே? அவருக்கு மெமோ குடுக்கணும்" என்றார் செயலாளர்.

"போடச் சொன்னது நான். மெமோ எனக்குக் குடுங்க, வாங்கிக்கிறேன். ஆனா ஏப்ரல் வரைக்கும்னு நீங்க குடுத்த வார்த்தையை மாத்தாதீங்க" என்றேன். உன் மறுகடிதத்தையும் தலைவர் அம்மா எடுத்துப் படித்தார். பிழை தன்னுடையது என்று எழுதுகிற பொறியாளரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார்.

ஏப்ரல் வரை அவகாசம் நிற்கிறது. ஆனால் கெடுத்த மாதங்களைத் தள்ளுபடி செய்ய மாட்டார்களாம், எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்ப்பார்களாம். அதில் செயலாளர் ஒற்றைக்காலில் நின்றார். சுவிட்ச் மாட்டினால் மட்டும் அந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது என்று எனக்கே தெரிகிறது.

நீ கேட்கச் சொன்னதைக் கேட்டேன். கேட்கப்போய்த்தான் ஒன்று கண்ணில் பட்டது. மாலையில் ஒரு வகுப்புக்கு இருபது பேர் இருந்தால் பெரிது. ஆனால் அறுபது பேர் உட்காருகிற அறைகளை ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டிருக்கிறோம். 'இது என் அறை' என்று ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒன்று, கட்டடம் முழுக்கப் பரவிக் கிடக்கிறோம். எல்லாரும் கீழ்த்தளத்து வடக்குப் பக்கம் வந்துவிட்டால் மேல்மாடியை இருட்டாகவே விட்டுவிடலாம். வரச் சொல்வதுதான் கஷ்டம். அது என் வேலை, நான் பார்த்துக்கொள்கிறேன். நீ சுவிட்சுக்கு ஆள் அனுப்பு. இடுப்புயரத்தில் வைக்கச் சொல். கை நிறையப் பையோடு வருகிறவர்கள் முழங்கையால் தட்டுவார்களாம்.

அண்ணி

மார்ச் 9

அண்ணிக்கு,

நிர்வாகக் குழு கையை ஆட்டிய பத்தியை இங்கே சைட்டில் எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மேஸ்திரி சிரித்துச் சிரித்து இருமிவிட்டார்.

அறைகளைச் சேர்க்கிற யோசனை எனக்கு வராமல் போனதே! நான் ஓடுகளையும் ஒயரையும் பார்த்தேன், ஆட்கள் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்க்கவே இல்லை. கோடு கீழே விழ ஆரம்பித்திருக்கிறது. போதாது. கடைசி வாரம்வரை இழுபறிதான். விடாதீர்கள். பேராசிரியர் கீழே வந்தாரா?

பொடிசு

மே 4

அன்புள்ள பொடிசுக்கு,

இந்தத் தடவை தெரிந்தே எழுதுகிறேன், அன்புள்ள.

கணக்கு உன்னிடம் இருக்கும், ஆனாலும் என் வாயால் சொல்ல வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகமாகவே குறைந்திருக்கிறது. கொஞ்சம்தான். செயலாளர் விரல்விட்டு இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். பிறகு காப்பி வரவழைத்தார். இந்தத் தடவை சர்க்கரை போட்டிருந்தார்கள். புது மாணவர் சேர்க்கைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பேராசிரியர்தான் கடைசிவரை முரண்டு பிடித்தார். "என் நாற்காலி இல்லாம எனக்குப் பாடம் வராது மேடம்" என்றார். "நாற்காலியோட வாங்க சார், யார் வேண்டாம்னா?" என்றேன். வண்டி ஓட்டுகிற பையன்தான் அதைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு படியிறங்கினான். வெளியே அனுப்பப் பார்த்தாரே, அதே பையன். பேராசிரியர் பின்னாலேயே, "பார்த்துடா, கால் ஆடும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். இப்போது வகுப்பு முடிந்ததும் அவரே நின்று வரிசை வரிசையாக அணைத்துவிட்டுத்தான் போகிறார். வேறு யாரையும் தொடவிடுவதில்லை.

ஏப்ரல் தேர்வில் நர்ஸ் வாசலோர வரிசையில் உட்கார்ந்தாள். நான் சும்மா அந்தப் பக்கமாக இரண்டு தடவை போய் வந்தேன். விளக்கு அணையவில்லை, அவளும் நிமிரவில்லை. விடைத்தாளில் எல்லா வரியும் நேராக இருந்தது. இன்று சேர்க்கை தொடங்கியது. முதல் ஆளாக அவள்தான் வந்து நின்றாள், தனக்காக இல்லை, தன் நாத்தனாரைச் சேர்த்துவிட. அந்தப் பெண் பயந்துபோய் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது. எனக்கு உன்னை அங்கே கூட்டிப்போன நாள் ஞாபகம் வந்துவிட்டது. அவர்கள் இருவரும் வாயாலேயே பேசிக்கொள்கிறார்கள், தபால்காரர் தேவைப்படவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஃப்ரிட்ஜை நேற்று நகர்த்திவிட்டேன். நீ வைத்த இடத்துக்கும் இல்லை, நான் வைத்த இடத்துக்கும் இல்லை. எதிர்ச் சுவரில். அடுப்புச் சூடும் படாது, கதவையும் இடிக்காது. உன் அண்ணன் இன்று காலை தண்ணீருக்காகப் பழைய இடத்துக்குப் போய் வெறும் சுவரைத் திறக்கப் பார்த்தார்.

உன் ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் வா. வீட்டில் எதையாவது மாற்ற வேண்டும் என்று உனக்குக் கை பரபரக்கும், தெரியும். நான் கல்லூரிக்குப் போகும்வரை காத்திருக்காதே. விடுப்பு போட்டுவிட்டு வீட்டிலேயே இருக்கிறேன், என்னைக் கேள். சண்டை வந்தால் வரட்டும், நேரிலேயே போட்டுக்கொள்வோம்.

அண்ணி